பழக்கம் விட்டுப்போன தோசைக்கல்: வெள்ளவத்தையில் ஒரு நிகழ்வு ஆய்வு

மேல்மாடி அன்ரி கல்லைக் கொண்டுவந்து வைத்தபோது என் மேசை ஒருமுறை முனகியது. பத்திரிகைத் தாளில் சுற்றி, அதைப் பழஞ்சீலையில் கட்டி, எல்லாவற்றையும் ஓர் உரப்பைக்குள் போட்டிருந்தார். அவிழ்த்ததும் செம்மண் நிறத்தில் தூள் கொட்டியது.

"மகள் எறியச் சொல்லுறாள் தம்பி. எறியலாமோ வைச்சிருக்கலாமோ எண்டு நீங்கள்தான் பார்த்துச் சொல்ல வேணும்."

நான் உயர்தர வகுப்புக்கு இரசாயனவியல் சொல்லிக்கொடுக்கிறவன். பழைய இரும்புச் சட்டி தேற்றுவது என் தொழில் இல்லை. எங்கள் தொடர்மாடியில் இரண்டு தாச்சிகளைக் கறள் நீக்கிக் கொடுத்ததால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது, அவ்வளவுதான். இந்தக் கல்லைப் பற்றி விரிவாக எழுதுவதற்குக் காரணம் உண்டு. மற்றவை சும்மா கிடந்து கெட்டவை. இது திருத்தப் போய்க் கெட்டது. திருத்தியவர்கள் செய்ததில் பாதி சரி, அதுதான் சிக்கல்.

கல் வந்த வழி

அன்ரியின் தாயாருக்குச் சீதனத்தோடு வந்த கல். 2002 இல் ஏ9 பாதை திறந்தபோது, யாழ்ப்பாணத்து வீட்டுக் குசினியில் மிஞ்சிக் கிடந்தவற்றில் இதையும் ஒரு அப்பச்சட்டியையும் வானில் ஏற்றிக் கொழும்புக்குக் கொண்டுவந்திருக்கிறார். வெள்ளவத்தையில் பத்து வருடம் போல ஓடியது. பிறகு வெளிநாட்டில் இருந்து வந்த யாரோ ஒரு ஒட்டாத கல்லைப் பரிசாகக் கொடுக்க, இரும்புக்கல் பல்கனி அலுமாரிக்குள் போனது. அந்தப் பல்கனி மரீன் டிரைவைப் பார்த்தது. கடற்காற்று நேரே அடிக்கும். அங்கே காயப்போடும் துணியில் கூட மாலையில் ஒரு பிசுபிசுப்பு இருக்கும்.

2022 இல் காஸ் தட்டுப்பாடு வந்தபோது எங்கள் மொட்டை மாடியில் நான்கு குடும்பங்கள் விறகடுப்பு மூட்டின. ஒட்டாத கல்லை அந்த நெருப்பில் வைத்த முதல் நாளே கைபிடி உருகி வளைந்தது. அதன் பூச்சு 260 பாகை செல்சியசுக்கு மேல் போனாலே பழுதாகத் தொடங்கும், விறகடுப்பில் அது ஒரு வெப்பமே இல்லை. ஆகவே இரும்புக்கல் மறுபடி இறங்கியது. மூன்று மாதம் கொள்ளி எரிந்த நெருப்பில் றொட்டி சுட்டது. காஸ் வந்ததும் கழுவி, ஈரத்தோடே பழைய இடத்தில் வைத்துவிட்டார்கள்.

போன மாசியில் அது என்னிடம் வந்த நிலை இது. விட்டம் 30 சென்ரிமீற்றர், தடிப்பு 6 மில்லிமீற்றர் அளவில், இரண்டு காதுகளோடு 3.3 கிலோ. விளிம்பைச் சுற்றி இரண்டு விரல் அகலத்துக்குக் கட்டிக் கரி. நடுவில் செங்கறள், இடையிடையே ஊசி முனையால் குத்தினது போன்ற பள்ளங்கள். இந்தக் கறளுக்கும் கரிக்கும் மேலே, வெளிச்சத்தில் பிடித்தால் மினுங்கும் மஞ்சள் பசை. விரலை வைத்தால் விரல் ஒட்டியது. மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனேன். பழைய தேங்காய்ச் சொட்டின் காறல் மணம்.

முதலில் கேட்டவை, தட்டிப் பார்த்தவை

நான் எந்தப் பழைய இரும்பைத் தொடுவதற்கு முன்னும் ஒரு கேள்வி கேட்பேன். இதில் யாராவது ஈயம் உருக்கினார்களா? வலைக்கும் தூண்டிலுக்கும் குண்டு வார்க்கிறவர்கள் வீட்டில் கழித்த இரும்புச் சட்டியைத்தான் எடுப்பார்கள். ஈயம் 327 பாகையிலேயே உருகிவிடும், சாதாரண அடுப்பே போதும். அப்படி ஒருமுறை உருக்கிய சட்டியின் நுண்துளைகளில் தங்கிய ஈயத்தைச் சவர்க்காரமோ நெருப்போ முழுமையாக எடுக்காது. அன்ரி சிரித்தார். "எங்கட வீட்டில தோசைக்கல்லில முட்டை பொரிக்கவே அம்மா விடமாட்டா."

அடுத்தது, இது வார்ப்பிரும்பா தகட்டிரும்பா என்பது. காந்தம் இரண்டிலும் ஒட்டும், அதனால் பிரயோசனம் இல்லை. கல்லின் அடியைத் தடவினால் மணல் அச்சின் சொரசொரப்பு தெரிந்தது. ஓரத்தில் உருகிய இரும்பு ஊற்றிய வாயின் தழும்பும் இருந்தது. வார்ப்பு. இதில் காபன் 2 முதல் 4 சதவீதம் வரை இருக்கும், சாதாரண உருக்குத் தகட்டில் அதில் பத்திலொரு பங்குகூட இராது. அந்தக் காபன்தான் இதை அச்சில் ஊற்றக்கூடிய பதத்துக்குக் கொண்டுவருகிறது. அதே காபன் இதை நொறுங்கவும் வைக்கிறது. தகட்டுக்கல் கீழே விழுந்தால் நெளியும், வார்ப்புக்கல் வெடிக்கும். சூடாக இருக்கும்போது பச்சைத் தண்ணீர் ஊற்றினாலும் அதே கதி.

ஆகவே தட்டிப் பார்க்க வேண்டும். காதில் கயிறு கட்டித் தொங்கவிட்டு மரக் கைபிடியால் ஒரு தட்டு. கல் கோயில் மணியின் தம்பி போல நீளமாக ஒலித்தது. துணைக்கு வந்த அப்பச்சட்டியைத் தட்டினேன், "டப்" என்று செத்த சத்தம். கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு. கரியைச் சுரண்டிப் பார்த்தபோது விளிம்பில் இருந்து மூன்று விரல் நீளத்துக்கு மயிர்க்கோடு ஓடியிருந்தது. விறகடுப்பில் இருந்து இறக்கிய சூட்டோடு யாரோ தண்ணீர் தெளித்திருக்க வேண்டும். அதற்கு வைத்தியம் இல்லை. இப்போது அன்ரியின் கறிவேப்பிலைச் சாடிக்கு அடியில் இருக்கிறது.

தேங்காய் எண்ணெய் செய்த வேலை

அந்த மஞ்சள் பசைக்கு வருவோம். கல்லை எறியச் சொன்ன மகள்தான் போன தைப்பொங்கலுக்கு முன்னர் அதைத் திருத்தப் பார்த்திருக்கிறார். கம்பிப் பஞ்சால் தேய்த்து, கழுவி, தேங்காய் எண்ணெயைத் தாராளமாகப் பூசி, காஸ் அடுப்பில் முழு நெருப்பில் புகை வரும் வரை வைத்திருக்கிறார். ஒரு நாள் பளபளவென்று இருந்ததாம். மூன்றாம் நாள் பிசுபிசுத்தது. தோசை ஊற்றினால் துண்டு துண்டாகக் கிளம்பியது. ஒரு வாரத்தில் பசைக்குக் கீழே இருந்து கறள் எட்டிப்பார்த்தது.

செய்த முறையில் பெரிய பிழை இல்லை. எண்ணெய்தான் பிழை.

கல்லைப் பழக்குவது என்று நாங்கள் சொல்லுகிறோமே, அந்தப் பழக்கம் உண்மையில் ஒரு பூச்சு. எண்ணெய்ப் போத்தலின் கழுத்தில் வழிந்த துளி நாள்பட இறுகி, நகத்தால் சுரண்டினாலும் போகாத மண்ணிறப் படலமாவதைப் பார்த்திருப்பீர்கள். அதே வேலைதான். எண்ணெய் மூலக்கூறில் இரட்டைப் பிணைப்புகள் இருந்தால் சூட்டில் ஒட்சிசன் அந்த இடங்களில் புகுந்து, ஒரு மூலக்கூறை இன்னொன்றோடு கொளுவிவிடும். கொளுவிக் கொளுவி வலையாகி, இரும்பின் சொரசொரப்பைப் பற்றிக்கொண்டு இறுகும். அதற்குப் பிறகு அது எண்ணெய் இல்லை. துடைத்தால் வராது, தண்ணீரில் கரையாது.

எந்த எண்ணெயில் எவ்வளவு இரட்டைப் பிணைப்பு இருக்கிறது என்பதை அளக்க அயடீன் பெறுமானம் என்று ஒன்று உண்டு. 100 கிராம் எண்ணெய் எத்தனை கிராம் அயடீனைப் பிடிக்கும் என்பது கணக்கு. என் மாணவர்கள் பரீட்சைக்குப் பாடமாக்கி மறந்துவிடும் இந்த எண்தான் இங்கே முழுக்கதையும். ஆளி விதை எண்ணெய் 170க்கு மேல். சோயா 124 முதல் 139. நல்லெண்ணெய் 104 முதல் 120. தேங்காய் எண்ணெய் 6 முதல் 11.

அச்சுப் பிழை இல்லை, ஆறுதான். தேங்காய் எண்ணெயில் பத்தில் ஒன்பது பங்கு நிரம்பிய கொழுப்பு, கொளுவ இடமே இல்லை. அதனால்தான் அது நாள்பட இருக்கிறது, அதனால்தான் பொரிக்க நல்லது. அதே காரணத்தால் கல்லில் பூச்சாக இறுகவும் மாட்டேன் என்கிறது. மிச்சம் இருக்கிற பத்தில் ஒரு பங்கு அரைகுறையாக இறுகிப் பசையாகும், மீதி அப்படியே நின்று காறும்.

"யாழ்ப்பாணத்தில கல்லுக்கு என்ன எண்ணெய் அன்ரி?"

"நல்லெண்ணெய்தான். வேற என்ன?"

"கொழும்பில?"

அவர் கொஞ்சம் யோசித்தார். இங்கே வந்த பிறகு எல்லாவற்றுக்கும் தேங்காய் எண்ணெய்தான் என்றார். நல்லெண்ணெய் விலை, முழுக்குக்கும் விளக்குக்கும் மட்டும் ஒரு சின்னப் போத்தல். பழக்கம் ஏறியிருந்த பழைய படலத்தின் புண்ணியத்தில் கல் சில காலம் தாக்குப்பிடித்திருக்கிறது. உரிந்த இடத்தை நிரப்பப் புதிதாக ஒன்றும் சேரவில்லை. ஊர் மாறியபோது கல்லுக்கு எண்ணெயும் மாறியது, காற்றும் மாறியது. இரண்டும் சேர்ந்து அதன் பழக்கத்தைப் பிரித்துவிட்டன. நான் கண்டுகொண்டது இவ்வளவுதான், மற்றதெல்லாம் கைவேலை.

உரித்தல்

கீழ் வீட்டு ஓட்டோக்காரத் தம்பி பற்றரி சார்ஜர் தருகிறேன், மின்பகுப்புச் செய்யலாம் என்றான். செய்யலாம்தான். ஆனால் மற்ற முனைக்கு வெறும் இரும்புத் துண்டு வேண்டும். கைக்கு அகப்படுகிற துருப்பிடிக்காத உருக்குக் கரண்டியை மாட்டினால் நஞ்சான குரோமியம் தண்ணீருக்குள் இறங்கும். பெடியள் ஓடித் திரிகிற மாடியில் அந்த விளையாட்டு வேண்டாம் என்று விட்டேன். பஞ்சிகாவத்தையில் மணல் அடித்துத் தரும் பட்டறைகள் இருக்கின்றன, பெயின்ற் உரிக்கும் அதே மணலை நான் தோசைக்கல்லில் அடிக்கமாட்டேன். நெருப்பில் போட்டு எரிப்பது எல்லோரும் சொல்லும் வழி. தட்டையான வார்ப்பு ஒருபக்கமாகச் சிவக்கச் சூடேறினால் வளையும், வளைந்த தோசைக்கல்லில் மா ஒரு பக்கம் ஓடும். அன்ரியின் வழி வேறு: "பழப்புளியும் சாம்பலும் போட்டுத் தும்பால தேய்ச்சா எல்லாம் போகும்."

இதைக் கேட்டு முதலில் சிரித்தேன், பிறகு யோசித்தேன். பழப்புளியில் தாத்தாரிக் அமிலம், கறளைக் கரைக்கும். சாம்பலில் பொற்றாசியம் காபனேற்று, காரம், எண்ணெய்ப் பிசுக்கைச் சவர்க்காரமாக்கும். இரண்டும் தனித்தனியாகச் சரியான மருந்து. ஒன்றாய்ப் போட்டால் அமிலமும் காரமும் ஒன்றையொன்று தின்றுவிட, மிஞ்சுவது தும்பின் உரசல்தான். ஆகவே அன்ரி சொன்னதையே செய்தேன், ஆனால் பிரித்து, கொஞ்சம் உறைப்பான சாமான்களோடு. முதலில் காரம், பிறகு அமிலம். இந்த ஒழுங்கும் முக்கியம். எண்ணெய்ப் படலம் மேலே இருக்கும்வரை அமிலம் கறளைப் போய்த் தொடாது.

காரத்துக்குக் கோஸ்டிக் சோடா. புறக்கோட்டையில் சவர்க்காரம் செய்யும் பொருட்கள் விற்கிற கடையில் அரைக் கிலோ வாங்கினேன். மூடியுள்ள பிளாஸ்டிக் வாளியில் 20 லீற்றர் தண்ணீர், அதற்குள் சோடாவைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவினேன். சோடாவுக்கு மேல் தண்ணீரை ஊற்றக்கூடாது, கொதித்துத் தெறிக்கும். முழங்கை வரை றப்பர் கையுறை, கண்ணுக்குக் கண்ணாடி. அலுமினிய வாளி கிட்டவும் வரக்கூடாது, வாளியே கரைந்து ஐதரசன் வாயு வரும். கல்லைக் கயிற்றில் கட்டி இறக்கி, மூடியைப் பூட்டி, கல்லாப்பெட்டி போலக் காவல் காத்தேன். இந்தச் சாமானை வைத்துக்கொண்டு கவனயீனமாக இருக்க முடியாது, கண்ணில் ஒரு துளி பட்டால் கண் போய்விடும். சின்னப் பிள்ளைகள் உள்ள வீடென்றால் இந்த வழியையே விட்டுவிடச் சொல்வேன். சலவைச் சோடாவில் ஊறவைத்துத் தேய்க்கலாம், நாட்கள் கூட எடுக்கும், கரி முழுக்கப் போகாது, ஆனால் நித்திரை வரும்.

ஐந்தாம் நாள் தூக்கியபோது விளிம்புக் கரி நனைந்த கடதாசி போல மடிந்து விழுந்தது. அடுக்கடுக்காக இருந்தது. ஒரு இடத்தில் எண்ணினேன், ஏழு அடுக்கு வரை தெரிந்தது. வெளியில் இருந்த அடுக்குகள் கருகி நொறுங்கியவை, விறகடுப்பு மாதங்களாக இருக்கும். அடியில் இருந்த இரண்டு மெல்லிய அடுக்குகள் கறுப்புக் கண்ணாடி போல மினுங்கின. கோஸ்டிக்கில் ஐந்து நாள் கிடந்தும் அவற்றைச் சுரண்டித்தான் எடுக்க வேண்டி வந்தது. அன்ரியிடம் காட்டினேன். "அது அம்மான்ர" என்றார். அதை எடுத்தது எனக்கு இன்னும் மனதுக்குச் சரியில்லை. விட்டிருந்தால் நடுவும் ஓரமும் வேறு வேறு உயரமாக இருந்திருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.

அடுத்தது கறள். கடையில் விற்கும் சாதாரண வினாகிரி ஒரு பங்கு, தண்ணீர் ஒரு பங்கு. அரை மணித்தியாலம் ஊறவிட்டு, எடுத்து, தும்பால் தேய்த்து, பார்த்து, தேவையென்றால் மறுபடி. எனக்கு மூன்று முறை எடுத்தது. இரவு முழுக்க ஊறவைத்துவிட்டுப் படுக்கிறவர்கள் இருக்கிறார்கள். அமிலத்துக்குக் கறள் முடிந்ததும் நிறுத்தத் தெரியாது, இரும்பைத் தின்னத் தொடங்கும், காலையில் கல் சாம்பல் நிறத்தில் சொரசொரவென்று இருக்கும். கடைசியில் அப்பச்சோடா கரைத்த தண்ணீரில் ஒரு கழுவல்.

பத்து நிமிடம்

இங்கேதான் நான் வழுக்கினேன். மாசி வெயில் நன்றாக எறித்த நாள். கல்லைக் கழுவித் துவாயால் துடைத்தேன். வெள்ளிக்கும் ஈயத்துக்கும் நடுவில் ஒரு நிறம், வார்த்த அன்று அது அப்படித்தான் இருந்திருக்கும். படம் எடுக்கக் கைப்பேசியைத் தூக்க, ஒரு மாணவனின் தாயார் அழைத்தார். மாதிரி வினாத்தாள் புள்ளி பற்றிய கதை. பத்து நிமிடத்துக்கு மேல் போயிராது. திரும்பி வந்தபோது கல்லின் முகம் முழுக்க இளம் செம்மஞ்சள், மஞ்சள் பூசிக் குளித்த மாதிரி.

உரித்த இரும்புக்கு உடையில்லை. கொழும்புக் காற்றின் ஈரமே அதற்குப் போதும். ஆனால் மறுபடி தேய்த்து, இந்த முறை அடுப்பில் சூடாக்கிக் காயவைத்த பிறகும், அடுத்த நாள் காலை அந்த ஊசிப் பள்ளங்களில் மட்டும் செம்புள்ளிகள் வந்தன. இது வெறும் ஈரம் இல்லை. உப்பு. இருபது வருடக் கடற்காற்று பள்ளங்களுக்குள் விட்டுப்போன குளோரைட்டு. அது உள்ளே இருக்கும்வரை காற்றில் இருந்து ஈரத்தை இழுத்து எடுத்துக் கறளாக்கிக்கொண்டே இருக்கும், மேலே எத்தனை பூச்சுப் பூசினாலும் கீழே இருந்து கிளப்பும். மகளின் பூச்சை ஒரே வாரத்தில் தூக்கியதற்கு இதுவும் உடந்தை.

உப்பை எடுக்க மந்திரம் இல்லை, சுடுதண்ணீர்தான். பெரிய சட்டியில் கல் மூழ்கத் தண்ணீர் வைத்து, இரண்டையும் சேர்த்துப் பச்சையில் இருந்தே சூடாக்கினேன். அரை மணித்தியாலம் கொதி, தண்ணீரை மாற்று, மறுபடி. நான்கு தண்ணீர். கடைசித் தண்ணீரில் இருந்து எடுத்த சூட்டோடு துடைத்து நேரே ஓவனுக்குள், 110 பாகையில் இருபது நிமிடம். அதன் பிறகு புள்ளி வரவில்லை. கடலோரத்தில் கிடந்த இரும்பென்றால் இந்தப் படியைத் தாண்டவேண்டாம்.

பழக்குதல்

எண்ணெய் எது என்பதில் எனக்கும் அன்ரிக்கும் வழக்கு. அவருக்கு நல்லெண்ணெய் தவிர வேறில்லை. எனக்கு அடித்தளத்துக்குச் சோயா எண்ணெய். அயடீன் பெறுமானமும் கூட, சுத்திகரித்தது என்பதால் அதிக சூட்டைத் தாங்கும், மலிவும். செக்கு நல்லெண்ணெய் 240 பாகையில் வீட்டைப் புகையால் நிரப்பிவிடும், பக்கத்து வீட்டார் தீயணைப்பைக் கூப்பிடுவார்கள். ஆளி எண்ணெயைச் சிலர் பெரிதாகச் சொல்லுவார்கள். கண்ணாடி போல இறுகும், உண்மை. அதே கண்ணாடி போலச் சில்லுச் சில்லாகக் கிளம்பியும் விடும். ஹாட்வெயார் கடையில் பலகைக்குப் பூச விற்கும் ஆளி எண்ணெயை எடுக்கவே கூடாது, விரைவில் காய உலோக உப்புகள் கலந்திருக்கும். கடைசியில் சமாதானம்: அடிப்பூச்சு சோயா, அடுப்பில் வந்த பிறகு நல்லெண்ணெய்.

பூசுவதில்தான் கைப்பதம். கல் கைபொறுக்காத சூட்டில் இருக்கும்போது அரைத் தேக்கரண்டி எண்ணெய், இரண்டு முகத்துக்கும் காதுகளுக்கும் சேர்த்து அவ்வளவுதான். பழைய பெனியன் துணியால் எங்கும் தேய்த்தேன். பிறகு எண்ணெய் படாத இன்னொரு துணியால் துடைத்தேன். பிறகு மூன்றாவது துணி. விரலை வைத்து இழுத்தால் தடம் விழக்கூடாது, பார்த்தால் எண்ணெய் பூசாத கல் போல மங்கலாக இருக்க வேண்டும். பார்த்துக்கொண்டு நின்ற அன்ரி பொறுக்கமாட்டாமல், "பூசினதை எல்லாம் நீங்களே துடைக்கிறீங்களே தம்பி" என்றார். தடிப்பாய்ப் பூசினால் சூட்டில் எண்ணெய் திரண்டு முத்து முத்தாக நிற்கும். முத்தின் மேல்தோல் இறுகும், உள்ளே பசையாகவே கிடக்கும்.

ஓவனில் குப்புற வைத்து 240 பாகையில் ஒரு மணித்தியாலம். நிறுத்திவிட்டு, கதவைத் திறக்காமல் அப்படியே ஆறவிடல். இதுவே நான்கு தரம், இரண்டு மாலைகளில். முதல் தரத்தில் தேன் நிறம், இரண்டாவதில் மண்ணிறம், நான்காவதில் கோப்பிக்கொட்டைக் கறுப்பு. காஸ் அடுப்பிலேயே செய்யலாமா என்று கேட்பவர்களுக்கு: செய்யலாம், ஆனால் அடுப்பின் வளையம் ஒரு சாண் அகலம் கூட இல்லை, கல் அதைவிடப் பெரிது. நடு புகையும்போது ஓரம் சுடுவதில்லை. நெருப்பைக் குறைத்து, கல்லை நகர்த்தி நகர்த்தி, ஓரம் ஓரமாகக் காட்ட வேண்டும். மகள் செய்ததில் ஓரம்தான் அதிகம் பசையாகக் கிடந்தது.

கல்லை மேலே அனுப்பும்போது ஒரு நிபந்தனை வைத்தேன், மூன்று நாளைக்குத் தோசை இல்லை. தேங்காய்ப்பூ றொட்டி மட்டும். தேங்காய்ப்பூவின் கொழுப்பும் காய்ந்த மாவும் புதுப்பூச்சுக்கு இதமானவை. தோசைமா புளித்தது, ஈரமானது, முதல் நாளே அதை ஊற்றினால் பிடித்துக்கொள்ளும். நான்காம் நாள் காலை என்னைக் கூப்பிட்டார். பாதி வெங்காயத்தை முள்ளுக்கரண்டியில் குத்தி, நல்லெண்ணெயில் தொட்டுக் கல்லைத் தேய்த்தார். தாளிதமும் மஞ்சளும் போட்ட யாழ்ப்பாணத்துத் தோசைமா. முதல் தோசை நடுவில் கொஞ்சம் பிடித்தது, அது வழக்கம்போலக் காகத்துக்கு. இரண்டாவதற்கு அன்ரி தட்டகப்பையை எடுத்து வைத்துக்கொண்டு காத்திருந்தார். மேலே கண் கண்ணாகத் திறந்து, ஈரம் வற்றி, ஓரம் தானாக ஒரு நூல் அளவு தூக்கிக்கொண்டது. "சரி, விட்டிட்டுது" என்றார். தட்டகப்பையைக் கொடுக்கவே தேவைப்படவில்லை, கல்லைச் சரித்தபோது தோசை வழுக்கி இறங்கியது.

பிறகு நடந்தவை

சித்திரையில் வந்த ஒரு விருந்தாளி, நல்ல மனதோடு, கல்லைக் கழுவித் தட்டுகளோடு நிமிர்த்தி வைத்துவிட்டார். காலையில் தண்ணீர் தங்கிய கீழ்விளிம்பில் விரல் நீளத்துக்குக் கறள். அன்ரி பதறி ஓடிவந்தார். கல்லுப்பும் கொஞ்ச எண்ணெயும் போட்டுத் துணியால் தேய்க்கப் போனது, அந்த இடத்துக்கு மட்டும் ஒரு பூச்சு. சவர்க்காரம் போட்டதுதான் பிழை என்று அவர் நினைத்தார். இல்லை. இறுகிய பூச்சைப் பாத்திரம் கழுவும் இன்றைய திரவம் ஒன்றும் செய்யாது. சோப்புக்கு உள்ள அந்தக் கெட்ட பெயர் வீட்டில் காரம் கூட்டிக் காய்ச்சிய காலத்தில் வந்தது. பிழை ஈரத்தில்தான். கழுவிய பின் அடுப்பில் இரண்டு நிமிடம் வைத்தால் முடிந்தது.

வைகாசியில் தென்மேல் பருவமழை பிடித்தது. பல்கனிப் பக்கம் வைக்கவேண்டாம் என்று சொல்லியிருந்தேன், அன்ரி இன்னும் ஒருபடி மேலே போய்க் கல்லைத் தாளில் சுற்றித் தன் படுக்கையறை அலுமாரியில் சேலைகளுக்குக் கீழே வைத்துவிட்டார். ஆவணி வரை ஒரு புள்ளி இல்லை. நடுப்பகுதி இப்போது என் நான்கு பூச்சைவிடக் கறுப்பு, அது நல்லெண்ணெயின் வேலை. புளி சேர்ந்த குழம்பு எதையும் அதில் கொதிக்கவைப்பதில்லை. சின்னப் பேரன் முட்டை பொரிக்கக் கேட்டபோது அன்ரி விட்டாராம், அதுதான் எனக்கு ஆச்சரியம்.

கதை கொட்டாஞ்சேனையில் இருக்கும் அன்ரியின் ஒன்றுவிட்ட தங்கைக்குப் போயிருக்கிறது. போன வாரம் அவர் ஒரு தாச்சியோடு வந்து இறங்கினார். ஆழமான, கனமான, அருமையான பழைய வார்ப்பு. தட்டினால் மணி மாதிரி. கறள்கூட மேலோட்டமாகத்தான். எனக்குக் கை துருதுருத்தது. வழக்கமான கேள்வியைக் கேட்டேன்.

"ஈயமோ? ஓம், இவர் மீன்பிடிக்குப் போற நாளில பின்பக்கத்தில வைச்சு உருக்கிறவர். அது எப்பவோ தம்பி, இருபது வருசத்துக்கு மேல. கழுவினாப் போகாதே?"

"போகாது அக்கா."

"எரிச்சா?"

"எரிச்சா இன்னும் மோசம். அந்தப் புகையை நாங்கள்தான் சுவாசிக்க வேணும்."

அவருக்கு நம்பிக்கை வரவில்லை, மேல்மாடி அன்ரியின் கல்லை மட்டும் எப்படித் திருத்தினேன் என்று இரண்டு முறை கேட்டார். பழைய இரும்புக்காரருக்குக் கொடுத்துவிடுவதாக ஒத்துக்கொண்டார். அவரிடம் போனால் அவர் நிறுத்து வாங்கி, கறள் துடைத்து, புறக்கோட்டையில் யாருக்காவது சமைக்க விற்றுவிடவும் கூடும். அதனால் ஓட்டோக்காரத் தம்பியைக் கூப்பிட்டு, தாச்சியின் நட்டநடுவில் பெருவிரல் நுழையும் அளவில் ஒரு துளை போடச் சொன்னேன். வார்ப்பிரும்பு துளைக்க லேசாகத்தான் இருந்தது. உதிர்ந்த கறுப்புத் தூளை ஈரத்துணியால் ஒற்றி எடுத்துக் கட்டி, துளைபோட்ட தாச்சியோடு உரப்பைக்குள் போட்டோம்.